அந்த நன்றி எனக்கு வேண்டாம்: எங்கள் குழும அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அட்மின்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இரவு 10.12க்கு நீங்கள் நம் பறவை நோக்கர்களின் வாட்ஸ்அப் குழுமத்தில் போட்ட அறிவிப்பு இது: "தகாத சொல்லைப் பயன்படுத்திய உறுப்பினர் ஒரு மாத காலத்துக்கு நீக்கப்படுகிறார். கடைசிவரை கண்ணியம் தவறாமல் பதில் சொன்ன மூத்த உறுப்பினருக்கு நன்றி." அந்த மூத்த உறுப்பினர் நான்தான். அந்த நன்றியை என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை. திருப்பித் தருகிறேன்.

உங்கள் ஐந்து பேருக்கும் தனியாக எழுதியிருக்கலாம். "விடுங்க சார், அதான் முடிஞ்சுபோச்சே" என்று யாராவது ஒருவர் பதில் போடுவார், எனக்கும் பாவம் தீர்ந்த மாதிரி இருக்கும். நன்றி ஊரறியச் சொல்லப்பட்டது. மறுப்பும் ஊரறிய வருவதுதான் முறை. தவிர, பறவை பார்க்கிறவர்கள் கூடும் இடத்தில் மட்டும் நடக்கிற சங்கதி இல்லை இது. எந்தக் குழுமத்தை நடத்துகிறவரும் அவ்வப்போது இப்படி ஒரு பஞ்சாயத்தில் உட்கார்கிறார். பல சமயம் என்னைப் போன்ற ஒருவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கிறார்.

நீங்கள் இரவு பத்து மணிக்கு ஃபோனைத் திறந்து, கடைசியில் கிடந்த கெட்ட வார்த்தையைப் பார்த்து, அதற்கு மேலே நாலைந்து செய்திகளை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுத்திருப்பீர்கள். காலையிலிருந்து நடந்ததை நான் சொல்கிறேன்.

காலை 7.40க்கு, குழுமத்தில் சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகாத ஒரு பெண் ஒரு படம் போட்டார். கிளைக்குப் பின்னால் பாதி மறைந்த, பழுப்பு நிறச் சின்னப் பறவை. என்ன பறவை என்று கேட்டிருந்தார். நான் "நாணல் கதிர்க்குருவி" என்றேன். கதிர்க்குருவிகளைப் படத்தை வைத்துப் பெயர் சொல்வது எவ்வளவு வழுக்கலான வேலை என்று உங்களுக்குத் தெரியும். குரலைக் கேட்டால் நொடியில் தீர்கிற விஷயம், படத்தில் நாள் கணக்காக இழுக்கும். 8.05க்கு இன்னொரு உறுப்பினர், நீங்கள் இப்போது நீக்கியிருக்கிறவர், எழுதினார்: "கால் நிறம் ஒத்துவரலையே சார். எதை வச்சு சொல்றீங்க?"

நியாயமான கேள்வி. புருவக்கோடு எதுவரை போகிறது, மடித்த இறக்கை எவ்வளவு நீளம், அலகு எப்படி என்று மூன்று வரியில் பதில் சொல்லியிருக்கலாம். நான் எழுதியது இது: "நண்பரே, தாங்கள் எத்தனை ஆண்டுகளாகப் பறவை நோக்கி வருகிறீர்கள் என்று அறியலாமா? தெரிந்துகொள்ளும் ஆவலில்தான் கேட்கிறேன்." பின்னால் ஒரு ஜோடி கும்பிடும் கைகள்.

"நாலு வருஷம்" என்றார். பாவம், நிஜமாகவே கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார். நான்: "மகிழ்ச்சி. நான்கே ஆண்டுகளில் கால் வரை வந்துவிட்டீர்கள். இன்னும் நான்கு ஆண்டுகளில் தலைக்கும் வந்துவிடுவீர்கள்." பதினான்கு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். உங்களில் இரண்டு பேரும் அதில் அடக்கம். இப்போதும் அழுத்திப் பார்த்தால் பெயர் தெரிகிறது.

அதற்குப் பிறகு அவர் மூன்று படங்களை அடுக்கி, வட்டம் போட்டு, கால் நிறத்தை விளக்கினார். உழைத்திருந்தார். நான் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பதற வேண்டாம் நண்பரே, இது தேர்வு அல்ல" என்றேன். "நான் பதறல. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க" என்றார். பதறாதவனைப் பதறாதே என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த வரியில் பதறிவிடுவான். மாலை 4.10க்கு நான் முடித்து வைத்தேன்: "கோபத்தில் இருப்பவர்களுடன் உரையாடுவது என் வழக்கம் அல்ல. தாங்கள் ஓய்வெடுத்துவிட்டு வாருங்கள்." இரவு 9.48க்கு அவர் என் அம்மாவை இழுத்து அந்தச் சொல்லை எழுதினார்.

இதில் நான் கண்ணியம் தவறாமல் இருந்தேன் என்கிறீர்கள்.

முதல் பதிலை அடிக்கும்போது நான் "நீங்க எவ்வளவு நாளா பார்க்கறீங்க" என்றுதான் ஆரம்பித்தேன். அழித்தேன். "நீங்கள்" ஆக்கினேன். அதையும் அழித்து "தாங்கள்" ஆக்கினேன். எந்தச் சொல் எங்கே இறங்கும் என்று தெரிந்து, கூர் பார்த்து, தேர்ந்தெடுத்துப் போட்டேன். அவர் எழுதிய கெட்ட வார்த்தைக்கு அவர் எடுத்துக்கொண்டது ஒரு நொடி இருக்கும். நான் என் மரியாதைக்குச் செலவழித்தது நாலு நிமிடம்.

தமிழில் ஒருவரை அவமானப்படுத்தக் கெட்ட வார்த்தையே தேவையில்லை, மரியாதை போதும். "நீங்க" என்று போய்க்கொண்டிருக்கிற பேச்சில் திடீரென்று "தாங்கள்" வந்து உட்கார்ந்தால் ஏதோ சரியில்லை என்று சின்னப் பிள்ளைக்கும் புரியும். "ஐயா" என்பது போகிற இடத்தைப் பொறுத்துக் கும்பிடாகவும் இருக்கும், குட்டாகவும் இருக்கும். "நல்லது", "மகிழ்ச்சி", "வாழ்க வளமுடன்" எல்லாம் இணையத்தில் பல நேரம் கதவைச் சாத்துகிற சத்தம்தான். "நண்பரே" என்று கூப்பிடுகிறவர் நண்பராக இருப்பது அபூர்வம். நண்பன் "டேய்" என்றுதான் கூப்பிடுவான். நீங்கள் விதிகளில் பத்துப் பதினைந்து சொற்களைத் தடை செய்து வைத்திருக்கிறீர்கள். அந்தப் பட்டியலில் "தாங்கள்" இல்லை, இருக்கவும் முடியாது. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிறவனை எந்தச் சொற்பட்டியலாலும் பிடிக்க முடியாது, பஞ்சாயத்து நடக்கும்போது அவன் தொட்டிலைத்தான் ஆட்டிக்கொண்டிருப்பான்.

'ட்ரோல்' என்ற சொல் இணையத்துக்கு வந்தது மீன்பிடியிலிருந்து என்று சொல்வார்கள். படகு மெதுவாகப் போக, பின்னால் தூண்டில் இழுபட்டு வரும். தூண்டில்காரன் கத்துவதில்லை, ஆடி அசைவதில்லை. துள்ளுவது மீன்தான். கரையில் நிற்கிறவர் கண்ணுக்குத் தெரிவதும் அந்தத் துள்ளல்தான்.

இதையெல்லாம் சொல்வதால் அவரை விட்டுவிடுங்கள் என்று கேட்கிறேன் என நினைத்துவிட வேண்டாம். அந்தச் சொல் அவருடையது. அவர் விரல் அடித்தது, அவர் விரல் அனுப்பியது. நான் எத்தனை முறை சீண்டியிருந்தாலும் அந்த விரலை நான் பிடித்து அழுத்தவில்லை. "அவன் அப்படிப் பேசினான், அதனாலதான் நான் இப்படி" என்ற வாக்கியத்தின்மேல் எனக்குப் பெரிய வெறுப்பே உண்டு. வீட்டில் கை நீட்டுகிறவர்கள் எல்லோரும் சொல்கிற வாக்கியம் அது. சீண்டல் என்பது செய்கைக்குக் காரணமாக இருக்கலாம், செய்தவனை மாற்றி எழுதிவிடாது.

சட்டம் இதைப் பற்றி உங்களையும் என்னையும்விட அதிக காலம் யோசித்திருக்கிறது. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 300ஆவது பிரிவில் ஒரு விதிவிலக்கு இருந்தது: கடுமையான, திடீரென்ற சீண்டலால் தன்னடக்கம் இழந்து ஒருவர் கொன்றுவிட்டால் அது கொலைக் குற்றமாகக் கருதப்படாது. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 101ஆவது பிரிவில் அது அப்படியே தொடர்கிறது. கவனியுங்கள், விடுதலை கிடைக்காது. குற்றத்தின் படிதான் ஒன்று இறங்கும். அதற்கும் நிபந்தனைகள் உண்டு. ஒரு சாக்கு வேண்டும் என்பதற்காகச் சீண்டலைத் தானே தேடிப்போய் வாங்கியவருக்கு அந்தச் சலுகை கிடையாது. இன்னொரு பக்கம், அமைதி குலையும் என்று தெரிந்தே ஒருவரை அவமதித்துச் சீண்டுவது தனிக் குற்றம். பழைய சட்டத்தில் 504, புதியதில் 352. இரண்டு பேருக்கும் தனித்தனிப் பிரிவு, தனித்தனிக் கணக்கு. ஒருவர் கணக்கில் ஏறுவதை இன்னொருவர் கணக்கில் கழிக்கிற வேலை கிடையாது.

"திடீரென்ற" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பது நானாவதி வழக்கில் அலசப்பட்டது. 1959 ஏப்ரலில் பம்பாயில் கடற்படை அதிகாரி ஒருவர், தன் மனைவிக்கு வேறொருவருடன் உறவு என்று மனைவி வாயாலேயே கேட்டார். மனைவியையும் பிள்ளைகளையும் சினிமாவுக்குக் கொண்டுபோய் விட்டார். கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி வாங்கிக்கொண்டார். பிறகு போய்ச் சுட்டார். 1961இல் உச்ச நீதிமன்றம் நேரத்தைக் கூட்டிப் பார்த்தது. வீட்டைவிட்டுக் கிளம்பியது மதியம் 1.30, சுட்டது 4.20. மனம் ஆறுவதற்கு அந்த இடைவெளி போதும் என்று சொல்லி, சீண்டல் வாதத்தை ஏற்க மறுத்தது.

நம் கதையில் என் கடைசி வரி 4.10. அவர் சொல் 9.48. ஐந்தரை மணி நேரத்துக்கும் மேல். அந்த நேரத்தில் ஒரு மனிதர் குளிக்கலாம், நடந்துவிட்டு வரலாம், குழுமத்தை மியூட் செய்துவிட்டுத் தூங்கலாம். இந்தக் கணக்குப்படி அவருக்குச் சாக்கே இல்லை என்று நீங்கள் சொல்லலாம். சொல்லியிருப்பீர்கள்.

இந்த இடத்தில் நானே ஒன்றை உடைக்க வேண்டியிருக்கிறது.

4.10க்கும் 9.48க்கும் நடுவில் "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி கிடக்கிறது. என் பெயரில். அதில் என்ன இருந்தது என்று உங்களில் ஒருவரும் கேட்கவில்லை. இரவு 9.31க்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டேன். இரண்டு வருடம் முன்பு, அவர் புதிதாக வந்திருந்தபோது, பருந்தைக் கழுகு என்று சொல்லிப் பத்துப் பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட செய்தி. கூட எதுவும் எழுதவில்லை, வெறும் படம். மெசேஜ் இன்ஃபோவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். படித்தவர்கள் வரிசையில் அவர் பெயர் வந்தது. 9.36க்கு அழித்துவிட்டேன்.

ஆக, பதிவில் தெரிகிற இடைவெளி ஐந்தரை மணி நேரம். உண்மையான இடைவெளி பதினேழு நிமிடம்.

ஏன் அழித்தேன் என்று என்னை நானே கேட்டுப் பார்த்தேன். "வேண்டாமே, பெரிதுபடுத்த வேண்டாம்" என்று அன்றைக்குத் தோன்றியதாக நினைவு. பொய். அவர் பார்க்க வேண்டும், மற்றவர்கள் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். அவர் வெடித்தபோது எதற்கு வெடித்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தது. அதைத்தான் நான் விரும்பினேன் என்பது இதை எழுதும்போதுதான் எனக்கே முழுதாகத் தெரிகிறது.

நானாவதி தீர்ப்பிலேயே இன்னொரு வரியும் உண்டு: முன்பு நடந்த செய்கைகள் மனத்தில் உண்டாக்கிய பின்புலத்தையும் கணக்கில் கொள்ளலாம். 1989இல் சுயம்புக்கனி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இதை இன்னும் ஒரு படி எடுத்துப்போய், நாள்பட்ட தொடர் சீண்டலையும் ஏற்றது. பெரிய விஷயங்களுக்கான தீர்ப்புகள் இவை. ஒரு குருவிச் சண்டைக்கு இழுப்பது அதிகப்படி என்று தெரியும். ஆனாலும் எனக்கு உறைத்தது. இரண்டு வருடமாக அவர் எதைப் போட்டாலும் நான் ஒரு ஊசி வைத்திருக்கிறேன். தனித்தனியாக எடுத்தால் ஒன்றும் தேறாது, எல்லாமே "விளையாட்டு". ஒவ்வொரு ஊசியும் எனக்கு முதல் ஊசி, அவருக்கு நூற்றியொன்றாவது.

பஞ்சாயத்து சமயங்களில் உங்கள் வாயில் வருகிற பழமொழி ஒன்று உண்டு: இரண்டு கை தட்டினால்தானே ஓசை. நியாயமான பேச்சு மாதிரி கேட்கும். உண்மையில் அது சோம்பேறித்தனம். இரண்டு பேரும் ஒரே அளவு தப்பு என்று சொல்லிவிட்டால் யார் என்ன செய்தார் என்று படித்துப் பார்க்கிற வேலை மிச்சம். ஞாயிறு இரவு நீங்கள் செய்தது அதன் மறுபக்கம்: ஒரே கைதான் தட்டியது என்றீர்கள். யார் ஆரம்பித்தது என்ற கேள்வியும் உதவாது. அவரைக் கேட்டால் 8.05க்குப் பிறகு நான் என்பார். என்னைக் கேட்டிருந்தால், ஏழு மாதம் முன்பு என் ஆந்தைப் படத்தின் கீழே அவர் எழுதிய ஒரு வரியை எடுத்துக் காட்டியிருப்பேன். அதற்கு முன்னால் ஒன்றை அவர் எடுப்பார். ஆரம்பம் தேடிப் போனால் வெங்காயம் உரித்த கதைதான்.

எல்லோருக்கும் தன் அடி சின்னதாகவும் எதிராளி அடி பெரிதாகவும் படுவதில் வெறும் சுயநலம் மட்டும் இல்லை. 2003இல் லண்டன் நரம்பியல் ஆய்வாளர்கள் சிலர் 'சயின்ஸ்' இதழில் ஒரு சின்னச் சோதனையை வெளியிட்டார்கள். எதிரெதிரே இரண்டு பேர். ஒருவர் விரலில் எவ்வளவு அழுத்தம் விழுந்ததோ அதே அளவை மற்றவர் விரலுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், மாற்றி மாற்றி. இருவருக்கும் சொன்னது ஒன்றுதான்: வாங்கிய அளவு கொடு. இருவரும் அப்படித்தான் கொடுத்ததாக நம்பினார்கள். அளந்து பார்த்தால் ஒவ்வொரு முறையும் சராசரியாக 38 சதவீதம் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. தான் கொடுக்கிற அழுத்தத்தை மூளை குறைத்துக் காட்டுகிறது, வாங்குகிறதை அப்படியே காட்டுகிறது. 38 சதவீதம் வீதம் எட்டு முறை ஏற்றிப் பாருங்கள், பதின்மூன்று மடங்கு. ஒருவரும் பொய் சொல்லவில்லை, ஒருவரும் கோபப்படக்கூட இல்லை. விரலுக்கே இப்படி என்றால் வார்த்தைக்குக் கேட்க வேண்டுமா?

அதனால் "நான் அவர் பேசின அளவுக்குத்தான் பேசினேன்" என்று யார் வந்து சொன்னாலும், அவர் மனதாரச் சொல்கிறார் என்று நம்புங்கள். அவர் சொன்ன அளவை மட்டும் நம்பாதீர்கள்.

பிறகு அந்தப் பதினான்கு சிரிப்புகள். அவற்றை நான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. ஒன்பதாவது சிரிப்பு வரும்போது அடுத்த வரியை யோசிக்க ஆரம்பித்திருந்தேன். சிரித்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. 2017இல் ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்ததில், வம்புக்காரர்கள் என்று தனி இனம் இல்லை என்றுதான் தெரியவந்தது. ஒருவரைக் கஷ்டமான ஒரு தேர்வு எழுத வைத்து எரிச்சலாக்கி, ஏற்கெனவே வம்பான பேச்சு ஓடிக்கொண்டிருக்கிற இடத்தில் எழுதச் சொன்னால், அவரும் வம்பாக எழுதுகிற வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்காகிவிடுகிறது. சாதாரண மனநிலை, சாதாரணச் சூழல் என்றால் 35 சதவீதப் பதிவுகள் வம்பு. இரண்டும் கெட்டிருந்தால் 68. சூழல் என்பது என்ன? மேலே கிடக்கிற நாலு செய்தியும், அவற்றுக்கு விழுந்த சிரிப்பும்தான். இதைச் சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. அன்று காலை எனக்கு எரிச்சலான காலை ஒன்றும் இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்திருந்தேன்.

இரண்டு பேரையும் தனித்தனியாகக் கணக்குப் பார்ப்பது எப்படி இருக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்து நல்ல உதாரணம் கால்பந்தில் இருக்கிறது. 2006 ஜூலை 9, பெர்லின், உலகக் கோப்பை இறுதி ஆட்டம். கூடுதல் நேரத்தில் 110ஆவது நிமிடம், பிரான்ஸ் அணியின் ஜிதேன் தலையால் இத்தாலி வீரர் மாட்டெராட்சியின் மார்பில் முட்டினார். சிவப்பு அட்டை. அவருடைய கடைசி ஆட்டம் அது. அப்படியே வெளியே நடந்தார். முட்டியதை உலகமே பார்த்தது, முட்டுவதற்கு முன்னால் சொல்லப்பட்டதை ஒருவரும் கேட்கவில்லை. உங்கள் நிலைமையும் அதுதானே. ஃபிஃபா அதோடு விட்டுவிடவில்லை. இருவரையும் விசாரித்தது. முட்டியவருக்கு மூன்று ஆட்டத் தடை, 7,500 சுவிஸ் ஃபிராங்க் அபராதம். சீண்டியவருக்கு இரண்டு ஆட்டத் தடை, 5,000 ஃபிராங்க். முட்டியவருக்கு அதிகம்தான், அது சரி. ஆனால் சீண்டியவருக்கும் எண் உண்டு. பூஜ்யம் இல்லை. நன்றியறிவிப்பு நிச்சயமாக இல்லை.

உங்கள் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. சம்பளம் இல்லாத வேலை. எண்ணூறு பேர், ஒரு நாளைக்கு இருநூறு செய்தி, அதில் பாதி காலை வணக்கம். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஃபோனை எடுத்துப் பார்க்கிறீர்கள். உறுப்பினர் ஒருவர் எழுதியதற்கு அட்மின் சட்டப்படி பொறுப்பாக மாட்டார் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் சொல்லியிருக்கிறது. நியாயம்தான், எங்கள் வாய்க்கு நீங்கள் ஏன் பொறுப்பேற்க வேண்டும்? ஆனால் அறிவிப்பு உங்கள் வாய். அந்த இரண்டு வரியைப் படித்த எண்ணூறு பேரும் ஒரு பாடம் எடுத்துக்கொண்டிருப்பார்கள்: கெட்ட வார்த்தை பேசாமல் குத்தினால் மெடல் உண்டு. அடுத்த மாதம் நாலு பேர் "தாங்கள்" என்று ஆரம்பிப்பார்கள், பாருங்கள்.

எது சீண்டல், எது வெறும் கறாரான கேள்வி என்று எப்படிப் பிரிப்பது என்று நீங்கள் கேட்பீர்கள். சரியான கவலை. சீண்டலைத் தண்டிக்கிறோம் என்று கிளம்பினால் நாளைக்கு யாராவது "ஆதாரம் என்ன" என்று கேட்டாலே "என்னைச் சீண்டுகிறார்" என்று புகார் வரும். மூத்தவர்களை யாரும் கேள்வியே கேட்க முடியாது. "எதை வச்சு சொல்றீங்க?" என்ற அவருடைய வரி எனக்குச் சுருக்கென்று இருந்தது உண்மை. அது சீண்டல் இல்லை. எனக்குச் சுருக்கென்று இருந்ததற்கு நான் பொறுப்பு.

நான் கையாளப் போகிற அளவுகோல் ஒன்றைச் சொல்கிறேன், வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வரியில் பறவை இருக்கிறதா என்று பாருங்கள். "கால் நிறம் ஒத்துவரலையே": பறவை இருக்கிறது. "தாங்கள் எத்தனை ஆண்டுகளாக": பறவை இல்லை, அவர்தான் இருக்கிறார். "பதற வேண்டாம்": இல்லை. "ஓய்வெடுத்துவிட்டு வாருங்கள்": இல்லை. பழைய ஸ்கிரீன்ஷாட்டில் பறவை இருந்தது, ஆனால் வேறு பறவை, இரண்டு வருடத்துக்கு முந்தையது. அன்று நான் எழுதிய அத்தனை செய்திகளிலும் பறவை இருந்தது முதல் ஒன்றில் மட்டும். அவருடையவற்றில், என் சீண்டலுக்குப் பதிலாக எழுதிய ஓரிரு வரிகளை விட்டால், கடைசி ஒன்றில் மட்டும் இல்லை. சமையல் பேசுகிற குழுமமோ, மென்பொருள் பேசுகிற குழுமமோ, பறவை இருந்த இடத்தில் அவரவர் பேசுபொருளைப் போட்டுக்கொள்ளலாம்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு விதி: ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் அடுத்தவர் செய்த மாற்றத்தைத் திருப்பினால் தடை வரலாம். "நான் எழுதியதுதான் சரி" என்பது அங்கே வாதமாக எடுபடாது. தடையைத் தண்டனையாகவும் அவர்கள் பார்ப்பதில்லை. மேற்கொண்டு சேதம் ஆகாமல் நிறுத்துகிற கருவி என்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஞாயிறன்று மதியமே யாராவது வந்து "இரண்டு பேரும் நாளை காலை வரை நிறுத்துங்கள்" என்று ஒரு வரி போட்டிருந்தால் போதும். 9.31 நடந்திருக்காது. 9.48உம் நடந்திருக்காது.

இப்போது நான் கேட்பது. அவருடைய ஒரு மாதத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. அது அவருக்கும் உங்களுக்கும் இடையில். அந்தச் சொல்லுக்கு அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் இன்னும் நினைக்கிறேன், என் தப்பைச் சொல்லிவிட்டதால் அந்த எண்ணம் போய்விடவில்லை. என் அம்மாவுக்கு இதில் சம்பந்தமில்லை. ஆனால் அறிவிப்பின் இரண்டாவது வரியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், சீண்டியதற்காக நானும் விலக்கப்படுகிறேன் என்று போடுங்கள். எத்தனை நாள் என்பது உங்கள் பாடு. நானே வெளியேறிவிடலாம், அது தியாகி வேஷம் மாதிரி ஆகிவிடும், இன்னும் பதினான்கு பேர் கும்பிடும் கைகள் போடுவார்கள். நீங்கள் நீக்கினால்தான் கணக்கு சரி. இனிமேல் எந்தப் பஞ்சாயத்தானாலும், கடைசிச் செய்தியிலிருந்து மேலே போகாமல் முதல் செய்தியிலிருந்து கீழே வாருங்கள். சாம்பல் நிற வரியைப் பார்த்தால் அதில் என்ன இருந்தது என்று போட்டவரைக் கேளுங்கள். பொய் சொல்வார்களாக இருக்கும். கேட்டார்கள் என்பது தெரிந்தாலே அடுத்த முறை கை கொஞ்சம் தயங்கும், எனக்குத் தயங்கியிருக்கும்.

அவருக்கு நான் தனியாக எழுதியிருக்கிறேன். அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பற்றி, "தாங்கள்" பற்றி, இரண்டு வருடத்தைப் பற்றி. "நீங்க பேசினதும் தப்பு" என்ற வரியை மூன்று முறை சேர்த்து மூன்று முறை எடுத்தேன். கடைசியில் இல்லாமல்தான் போயிற்று. நீலக் குறி விழுந்துவிட்டது. பதில் இல்லை. அவர் விருப்பம்.

கடைசியாக ஒன்று. இந்த மடலுக்காகக் காலையிலிருந்து நடந்த உரையாடலை மறுபடி முழுக்கப் படித்தேன். மதியம் 12.20க்கு, என்னுடைய "பதற வேண்டாம்" செய்திக்கும் அவருடைய "நான் பதறல" செய்திக்கும் நடுவில், படம் போட்ட அந்தப் பெண் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "சார், பறவை பேர் மட்டும் யாராவது சொல்றீங்களா?" அன்று நான் அதைப் பார்த்த ஞாபகமே இல்லை. ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஒருவர் வெளியேறினால் இப்போது அட்மின்களுக்கு மட்டும்தான் அறிவிப்பு வருகிறது என்பதால், அவர் திங்கட்கிழமையே போய்விட்டார் என்பதை உங்களில் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன்.

படத்தைப் பெரிதாக்கி மறுபடி பார்த்தேன். கால் நிறம் ஒத்துவரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் குழுமத்தின் மூத்த உறுப்பினர்